முப்பத்தேழாம் கட்டம்

சுபலட்சுமிக்கு அலுப்பாக இருந்தது. கதையை இப்படியா ஆரம்பிப்பது என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். மாசி மாதத்துக் காலை பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கிற வெயிலில், பரளச்சி போகும் பஸ்ஸில், தோளில் லேப்டாப் பையும் கைப்பைக்குள் ஒரு பென்டிரைவுமாக, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போகிற முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு வேறு எப்படி இருக்கும்?

அவள் பார்க்கிற வேலையை அருப்புக்கோட்டையில் அவள் தெருவில் ஒருத்தருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. "டெஸ்ட் பண்றேன்" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். எத்தனை வருஷமாத்தான் இந்தப் புள்ள பரீட்சை எழுதும், பாஸ் ஆகவே ஆகாதா என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

விஷயம் இவ்வளவுதான். ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஆலை என்று பெரிய இடங்களில் ஓடுகிற கம்ப்யூட்டர்களுக்கென்றே அவள் கம்பெனி ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரித்து விற்கிறது. இஷ்டத்துக்கு மாறாமல் வருஷக்கணக்கில் ஒரே சீராக ஓடும் என்பதுதான் அதன் பெருமை. அதற்குள் ஒரு பிரவுசர் உண்டு. பிரவுசரை எழுதுகிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஓட்டைகளை அடைத்துப் புதுசு விடுவார்கள். அதை எடுத்து, தங்கள் சிஸ்டத்துக்குத் தோதாக்கி, பேக்கேஜாகக் கட்டுவது சென்னை ஆபீஸில் இருக்கும் ஹரியின் வேலை. கட்டியதை ஓட்டிப் பார்த்து, நாற்பத்திரண்டு கட்டங்கள் உள்ள பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போட்டு, "விடலாம்" என்று சொல்வது சுபலட்சுமியின் வேலை. அவள் சொன்னால்தான் வெளியே போகும். கடைசிக் கை அவளுடையது.

அந்த வேலையை அவள் மூன்று வருஷமாக வீட்டிலிருந்தே செய்கிறாள். அந்த அனுமதி சும்மா கிடைக்கவில்லை. கணவன் சௌந்தருக்கு வீட்டுக்குப் பின்னாலேயே எட்டுத் தறி ஓடும் கொட்டகை. அதை விட்டு அவனால் நகர முடியாது. மகள் பிருந்தா அப்போது ஒன்றாம் வகுப்பு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் பஸ் ஏறி வந்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பிப் போய், பிள்ளை தன்னைப் பார்த்தால் விருந்தாளியைப் பார்ப்பதுபோலக் கதவுக்குப் பின்னால் ஒளிகிறது என்று தெரிந்த அன்றைக்கு, மேலாளர் அசோக்கிடம் போய் நின்றாள். அசோக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்க இருந்துக்கிட்டு நாப்பத்திரெண்டு கட்டமும் முழுசாப் பார்க்க முடியுமா, சுபா? ஒண்ணு விட்டாலும் எனக்குச் சரிப்படாது."

"ஒண்ணு விடமாட்டேன் சார்" என்றாள்.

விடவும் இல்லை, நாலு மாதம்.

முப்பத்தேழாவது கட்டம் இது: 'பிரவுசரிலிருந்து ஒரு பக்கத்தைத் தாளில் அச்சிட்டுப் பார்க்கவும்.' கம்பெனியே பிரிண்டர் வாங்கி அனுப்பியிருந்தது. தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசி எங்கேதான் போகாது? சோற்றுப் பானைக்குள் போகும், பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் போகும். பிரிண்டருக்குள் போய் உருளைகளைச் சுற்றி மெத்தை போட்டுவிட்டது. திறந்து துடைத்தாள், ஒரு வாரம் ஓடியது, மறுபடி நின்றது. மதுரையில் கொண்டு போய் ரிப்பேர் பார்த்தாள். அதுவும் ஒரு மாதம்தான். ஒரு ரிலீஸ் நாளன்று, நேரம் ஆகிவிட்டது என்று, இந்த ஒரு தடவை மட்டும் என்று, தாளுக்குப் பதிலாக பிடிஎஃப் கோப்பாக அச்சிட்டுப் பார்த்தாள். திரையில் பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. டிக் போட்டாள். பிரிண்டரைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். அந்த ஒரு தடவை முப்பத்திரண்டு தடவை ஆகிவிட்டது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போகப் போக மறந்தே போனாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். தினமும் செய்கிற தப்பு தப்பாகத் தெரிவதில்லை, அதுதான் அதில் உள்ள கொடுமை.

நேற்றுச் சாயங்காலம் அசோக் கூப்பிட்டார்.

"ஒரு பெரிய கஸ்டமர் கத்துறாங்க சுபா. எடைமேடைக்கெல்லாம் சாஃப்ட்வேர் போட்டுக் குடுக்குற கம்பெனி. லாரியை நிறுத்தி எடை போட்டுச் சீட்டுக் குடுப்பாங்கல்ல? அந்தச் சீட்டு நம்ம பிரவுசர்லருந்துதான் பிரிண்ட் ஆகுது. சமீபத்து அப்டேட்டுக்கு அப்புறம் கடைசி வரி விழலையாம். நாற்பது மேடையில."

"கடைசி வரின்னா?"

"நிகர எடை. அது இல்லாம அந்தச் சீட்டை வெச்சு நாக்கு வழிக்கிறதா? பிப்ரவரி ரிலீஸ்ல ஹரி ஒரு பேட்ச் சேர்த்திருக்கான், பிரிண்ட் சம்பந்தமா. நீங்க டெஸ்ட் முடிச்ச பிறகு சேர்த்திருக்கான். முட்டாள்தனம். டிசம்பர், ஜனவரி ரெண்டுலயும் முப்பத்தேழு டிக் இருக்கு, நான் பார்த்துட்டேன். அப்ப சரியாத்தான் இருந்திருக்கு. இவன் கைய வெச்சதுலதான் கெட்டிருக்கு."

சுபலட்சுமியின் கண் பரண் பக்கம் போனது. ஆனாலும் ஹரியின் பேட்ச்தான் காரணமாக இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். இருக்கக் கூடாதா என்ன? பிரிண்ட் சம்பந்தமான திருத்தம்தானே அந்தப் பேட்ச்.

"லிஸ்ட்ல ஒரு மேடை உங்க ஊர் பக்கம் இருக்கு. பரளச்சி விலக்கு. ஹரி அவன் பேட்சை எடுத்துட்டு ஒரு பேக்கேஜ் தர்றான். நீங்க நேர்ல போய்ப் போட்டு, தாள்ல பார்த்துச் சொல்லுங்க. நாளைக்கு நாலு மணிக்குக் கஸ்டமர் ஃபோன் கால்ல வர்றாங்க. யார் செஞ்சதுன்னு எழுத்துல கேக்குறாங்க. ஹரியை எழுதச் சொல்லியிருக்கேன். அவன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஹரி பாலவனத்தத்துக்காரன். ஜனவரியில்தான் சேர்ந்தான், மூன்று மாதக் கான்ட்ராக்டில். நம்மூர்ப் பையன் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரு ஒட்டுதல். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். பெண் வீட்டில் வேலை நிரந்தரம் ஆகப் போகிறது என்று சொல்லித்தான் நிச்சயம் பண்ணியிருக்கிறார்கள்.

பரளச்சி விலக்கில் பஸ் நின்றது. இறங்கினால் இரண்டு பக்கமும் கரிசல், அதற்கப்பால் சீமைக்கருவேலங்காடு. ரோட்டோரத்தில் எடைமேடையும், பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறையும். ஒரு டிராக்டர் கொத்தமல்லி மூட்டைகளோடு மேடையில் நின்றிருந்தது. அறைக்குள் சாமி படம், ஒரு கம்ப்யூட்டர், நீளமாக மடிந்து மடிந்து வரும் தாள் மாட்டிய பழைய காலத்துப் பிரிண்டர். அது கிர் கிர் என்று கத்திக்கொண்டு இருந்தது. நாற்காலியில் இருந்தவர் தாளைக் கிழித்து, கால்குலேட்டரைத் தட்டி, பேனாவால் கீழே ஒரு வரி எழுதி, டிராக்டர்காரரிடம் நீட்டினார்.

"இத யாருண்ணே நம்புவா? கையால எழுதித் தாரீக?" என்றார் டிராக்டர்காரர்.

"நம்பாட்டி டவுனுக்குப் போய்ப் போட்டுக்கிருங்க" என்று இவர் எரிந்து விழுந்தார். பிறகு சுபலட்சுமியைப் பார்த்தார். "நீங்கதான் கம்ப்யூட்டர் பாக்க வந்த மேடமா? காலையில போனு வந்துச்சு. வாங்க. உக்காருங்க. அந்தச் சேரு கால் ஆடும், பாத்து."

அவர் பெயர் முத்துராஜ். நாற்பத்தைந்து வயசிருக்கும். பதினோரு வருஷமாக இந்த மேடையில் இருக்கிறார்.

கஸ்டமர் கம்பெனிக்கு ஃபோன் போட்டுப் பாஸ்வேர்டு வாங்கி, பென்டிரைவில் இருந்து ஹரியின் பேக்கேஜைப் போட அரைமணி நேரம் ஆனது. அதற்குள் கரிமூட்டை லோடு ஒன்று வந்து போனது. அறை முழுக்கக் கரித்தூள். "இப்ப போடுங்கண்ணே" என்றாள். பிரிண்டர் கத்தியது. முத்துராஜ் தாளைக் கிழித்து, பார்க்காமலே அவளிடம் நீட்டினார்.

மொத்த எடை இருந்தது. காலி எடை இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"சரியாகலயா?" என்றார் முத்துராஜ்.

"இல்லண்ணே."

"ஆகாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க சங்கடப்படாதீக. எத்தன தடவ சொல்லிட்டேன். அந்தக் கம்பெனிக்குப் போனு பண்ணா, அப்படி வர வாய்ப்பே இல்ல சார், எல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறாகங்கிறான். உங்க பிரிண்டரு கோளாறுங்கிறான். ரிப்பன மாத்துனேன். தாளு வேற வாங்கிப் போட்டேன். மேடை ஓனர் என்னையச் சந்தேகப்படுதாரு மேடம்! நான்தான் கடைசி வரி வாறதுக்கு முன்னால தாளக் கிழிச்சுட்டு, கையால கூட்டிக் குறைச்சு எழுதித் தாரேனாம். பதினோரு வருசம் ஆச்சு இந்த நாக்காலியில. ஒருநாள் பொழுது ஒரு கிலோ மாத்தி எழுதினதில்ல. அந்த டெஸ்ட் பண்ற மகராசன் எவனோ, ஒருநாள் இந்த வெக்கையில வந்து உக்காந்து பாக்கணும். அப்பத் தெரியும்."

சுபலட்சுமி தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

"எத்தன நாளா இப்படி வருதுண்ணே? போன மாசத்துலருந்தா?"

"போன மாசமா? நல்லாக் கேட்டீக போங்க. கார்த்திகைக் கடைசியிலருந்து."

"இல்லண்ணே, பிப்ரவரியிலருந்துன்னு சொன்னாங்க."

"எவன் சொன்னான்? என்கிட்ட ரெக்கார்டு இருக்கு மேடம்."

சாமி படத்துக்குக் கீழே ஆணியில் ஒரு நீளக் கம்பி தொங்கியது. அடிப்பக்கம் வளைத்து, அதில் நூற்றுக்கணக்கான சீட்டுகளைக் குத்தி வைத்திருந்தது. முத்துராஜ் அதை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"தினமும் காலையில மொதச் சீட்டு என்னோடது. மேடை முழிச்சிருக்கா, தூங்குதான்னு பாக்கணும்ல? என் டிவிஎஸ் வண்டியோட நானும் மேடையில ஏறி நிப்பேன். அது மொத்தம். அப்புறம் நான் எறங்கிருவேன், வண்டி மட்டும் நிக்கும். அது காலி. மிச்சம் நான். சின்ன எடைக்கு மேடை அஞ்சு கிலோ முன்னப்பின்னதான் காட்டும், ஆனாலும் நான் அறுவத்தஞ்சு வரணும். வந்தாத்தான் வெளி வண்டியவே ஏத்துவேன். பதினோரு வருசப் பழக்கம். யாரும் சொல்லிக் குடுக்கல."

அவர் சிரித்தார். "கார்த்திகைக் கடைசியிலருந்து வண்டி இருக்கு மேடம், நான் காணாமப் போயிட்டேன்."

சுபலட்சுமி சீட்டுகளை மேலிருந்து புரட்டினாள். மார்ச், இரண்டு வரி. பிப்ரவரி, இரண்டு வரி. ஜனவரி முழுக்க இரண்டு வரி. டிசம்பர் முப்பத்தொன்று, இருபது, பதினைந்து, பன்னிரண்டு. எல்லாம் இரண்டு வரி. டிசம்பர் பதினொன்று: மொத்த எடை 150. காலி எடை 85. நிகர எடை 65.

டிசம்பர் பத்தாம் தேதி விட்ட ரிலீஸ், மேடைக்கு வந்து சேர ஒருநாள் ஆகியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பிரவுசரே பழைய தலைமுறையிலிருந்து புதுத் தலைமுறைக்கு மாறுகிற பெரிய ரிலீஸ். அதில் தாளின் ஓரம் கணக்கிடும் முறையை மாற்றியிருந்தார்கள். இந்த மாதிரிக் குட்டையான சீட்டில் அது கடைசி வரியைத் தின்றுவிட்டது. பிடிஎஃப்பில் தெரியாது, அதற்குப் பிரிண்டர் விடுகிற ஓரம் ஏது? தாளில் அச்சிட்டவர்களுக்குத்தான் தெரியும். சரி, வீட்டுப் பிரிண்டர் நன்றாக இருந்தாலும் பெரிய தாளில் அது தெரியாமல் போயிருக்கலாம் என்று மனசு உடனே ஒரு சாக்கைத் தேடிக் கொண்டுவந்தது. போயிருக்கலாம். ஆனால் தாளில் பார்த்தேன் என்று டிக் போட்டவள் தாளையே பார்க்கவில்லையே. அந்த டிக் இல்லையென்றால் யாராவது, எப்போதாவது, டிசம்பரைத் தோண்டியிருப்பார்கள்.

ஹரி அப்போது கம்பெனியிலேயே இல்லை.

வெளியே போய் வேப்பமரத்து நிழலில் நின்று ஹரியைக் கூப்பிட்டாள்.

"ஹரி, உன் பேட்ச எடுத்தும் வரல."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "அப்ப வேற எங்கயோ தப்புப் பண்ணிருக்கேன்க்கா. ராத்திரிலருந்து என் கோடிங்கையே மூணு தடவ படிச்சுட்டேன். ஒண்ணும் பிடிபடல."

"தாள் ஓரம் கணக்குப் பண்ற இடம் இருக்குல்ல, புதுசா மாத்துனது. அத எடுத்துட்டுப் பழசையே வெச்சுக் கட்டிப் பாரு."

"அது டிசம்பர்லயே வந்ததுக்கா. அதுல என்ன இருக்கப் போகுது? டிசம்பர்லயும் ஜனவரிலயும் நீங்க தாள்ல பாத்து டிக் போட்டுருக்கீகளே. நீங்க பாத்தா அது சரியாத்தான் இருக்கும். என் பேட்சும் அதுவும் சேந்து ஏதோ கெட்டுப்போச்சு போல. எப்படிப் பாத்தாலும் தப்பு எம்மேலதான்."

சொல்ல வாய் திறந்தாள். "கட்டிப் பாரு, சொல்றேன்" என்று மட்டும் வந்தது.

"மூணு மணி நேரம் ஆகும்க்கா."

"இருக்கேன்."

பிரவுசரைக் கட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பெரிய கம்ப்யூட்டரே மூச்சு வாங்கும். அந்த மூன்று மணி நேரமும் சுபலட்சுமி கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வண்டிகள் வந்தன, போயின. மிளகாய் வத்தல் லோடு வந்தபோது எல்லோரும் தும்மினார்கள். முத்துராஜ் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, "கம்பஞ்சோறு மேடம், சாப்பிடுவீகளா?" என்று கேட்டுப் பாதியை மூடியில் வைத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் வாங்கிச் சாப்பிட்டாள்.

யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது, நிறைய இருந்தது. இந்தக் கம்பியை அவளைத் தவிரக் கம்பெனியில் ஒருத்தரும் பார்க்கப் போவதில்லை. பழுதைக் கண்டுபிடித்ததே அவள்தான். சரிசெய்து கொடுத்துவிட்டுப் பேசாமல் போனால் நல்ல பெயர்தான் வரும். சொன்னால்? ஒண்ணு விடமாட்டேன் என்று வாங்கிய அனுமதி ஆயிற்றே. அசோக் மறுபடி அதைக் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. சென்னை. வெள்ளிக்கிழமை பஸ். கதவுக்குப் பின்னால் ஒளியும் பிள்ளை. ஹரி சின்ன வயசு, வேறு வேலை கிடைக்காமலா போகும் என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன ஜென்மம் நான் என்று அடுத்த நினைப்பு வந்தது. இரண்டும் மாறி மாறி வந்து அவளை ஓய்த்துப் போட்டன.

இரண்டே முக்காலுக்கு ஹரி ஒரு கடிதத்தை அனுப்பி, "இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாருங்கக்கா" என்று எழுதியிருந்தான். அசோக் கேட்ட கடிதம். சோதனை முடிந்த பிறகு உரிய அனுமதி இல்லாமல் மாற்றம் செய்தது என் தவறு, இதனால் ஏற்பட்ட பாதிப்புக்கு நானே முழுப் பொறுப்பு என்று இருந்தது. இங்கிலீஷ் சரியாகத்தான் இருந்தது.

அதே நேரம் வெளியே சத்தம். மேடை ஓனர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, காரைவிட்டு இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கி, "என்னய்யா, இன்னமும் கையாலதான் எழுதிக்கிட்டு இருக்கியா? உன் கைய நம்பித்தான் நான் மேடை வச்சிருக்கனா?" என்றார். டிராக்டர்காரர்கள் முன்னாலேயே. முத்துராஜ், "சரி பண்ண ஆள் வந்துருக்காக அண்ணாச்சி" என்று குழைந்து சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை சுபலட்சுமிக்கு. அந்த முகம் நாலு மணிக்கு இன்னொருத்தனுக்கும் வரப் போகிறது.

மூன்றரைக்குப் பேக்கேஜ் வந்தது. அதைப் போட்டுவிட்டு, அச்சிடாமல், அசோக்கையும் ஹரியையும் ஒரே ஃபோன் காலில் சேர்த்தாள்.

"சார், கஸ்டமர் வர்றதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். இது ஹரி பண்ணது இல்ல. டிசம்பர் ரிலீஸ்லருந்து இருக்கு. இங்க தினமும் ஒரு சீட்டுப் போட்டுக் குத்தி வெச்சிருக்காங்க. டிசம்பர் பன்னெண்டுலருந்து கடைசி வரி இல்ல. போட்டோ அனுப்பிட்டேன்."

"டிசம்பர்ல முப்பத்தேழு டிக் இருக்கே?"

"இருக்கு சார். நான் தாள்ல பார்க்கல."

யாரும் குறுக்கிடும் முன்னால் அவளே தொடர்ந்தாள்.

"டிசம்பர்ல மட்டும் இல்ல. முப்பத்திரண்டு ரிலீஸா பார்க்கல. வீட்டுப் பிரிண்டர்ல பஞ்சு அடைச்சுக்கிச்சு. பிடிஎஃப்ல பார்த்துட்டு டிக் போட்டுக்கிட்டு இருந்தேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா வீட்டுலருந்து பார்க்குறதுக்கு விடமாட்டீங்களோன்னு சொல்லல." இந்தக் கடைசி வாக்கியம் அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மறந்துபோனேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே, மறக்கவில்லை.

"ஏன்க்கா?" என்றான் ஹரி. அவ்வளவுதான் கேட்டான். திட்டியிருந்தால் தேவலை.

அசோக்தான் பேசினார். கோபமாகக்கூட இல்லை, அவரும் களைத்துத்தான் இருந்தார். "ஹரி, அந்த லெட்டரை அனுப்பாதே. சுபா, கஸ்டமர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா இனி கடைசி டிக் உங்களோடது இல்ல. ஏப்ரல்லருந்து ஆபீஸ் வந்துடுங்க. எனக்கு வேற வழி இல்ல, புரியுதா?"

"புரியுது சார்."

"இன்னைக்கு ரிலீஸுக்கு ஹரி டிக் போடட்டும்." அவர் லைனிலிருந்து போய்விட்டார்.

ஹரி இருந்தான்.

"நீ லைன்ல இரு" என்றாள் சுபலட்சுமி. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். "அண்ணே, உங்க காலைச் சீட்டு ஒண்ணு போடணும். வண்டிய ஏத்துவீங்களா?"

முத்துராஜ் டிவிஎஸ்ஸை மேடையில் ஏற்றி, அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார், போட்டோ எடுக்கிற மாதிரி. உள்ளே திரையில் 150 வந்தது. இறங்கி வந்தார். 85 வந்தது. பட்டனைத் தட்டினார். பிரிண்டர் கத்தியது. இழுத்து இழுத்து மூன்று தடவை போய் வந்தது. தாளைக் கிழிக்க முத்துராஜ் கையை நீட்டி, பிறகு நிறுத்திக்கொண்டார்.

"நீங்களே கிழிங்க மேடம். அப்புறம் நான் மின்னாடியே கிழிச்சேன்னு ஆகிறக் கூடாது."

கிழித்தாள்.

"அக்கா, வந்துருச்சா?" என்றது ஃபோன்.

"வந்துருச்சு."

"தாள்லயா?"

"தாள்லதான்."

"கண்ணால பாத்தீகளா?"

அந்தக் கேள்வி அவன் குத்திக் காட்டவென்று கேட்டது இல்லை. அவன் போடப்போகிற டிக்குக்கு அவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதனால்தான் அவளுக்கு அப்படி வலித்தது.

"பாத்தேன். கையில இருக்கு."

"வாசிங்கக்கா."

"மொத்த எடை நூத்தைம்பது. காலி எடை எண்பத்தஞ்சு." அடுத்த வரியில் விரலை வைத்தாள். "நிகர எடை அறுபத்தஞ்சு கிலோ."

"ஆங், வந்துட்டேன்!" என்றார் முத்துராஜ். சீட்டை அவள் கையிலிருந்து வாங்கிக் கம்பியில் குத்தினார். பிறகு வெளியே காத்திருந்த டிராக்டரைப் பார்த்துக் கையசைத்தார். "ஏலே, ஏத்துலே வண்டிய. மிசினு சீட்டே தாரேன்."

லேப்டாப்பில் முப்பத்தேழாவது கட்டம் பச்சையானது. பக்கத்தில் ஹரியின் பெயர். கொஞ்ச நேரத்தில் நாற்பத்திரண்டும் பச்சையாகி, ரிலீஸ் வெளியே போனது.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சௌந்தரைக் கூப்பிட்டாள். எடுத்தான்; பின்னால் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. இந்த மூன்று வருஷத்தில் அவளுடைய எந்த ஃபோனுக்காகவும் அவன் தறியை நிறுத்தியதில்லை. நிறுத்தினால் இழை அறுந்துவிடும் என்பான். வீட்டில் பேசுகிற தெலுங்கில், தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"போன காரியம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வெயிலு. அலுப்பா இருக்கு" என்றாள். ஜன்னலுக்கு வெளியே கரிசல் ஓடியது. சொல்லித்தான் ஆக வேண்டும்; இன்றைக்கு ஒரு தடவை சொல்லியாயிற்று, இரண்டாவது தடவை கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தது தப்பு. "நாளைக்குப் பிருந்தா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனா, ஒண்ணு விசாரிச்சுட்டு வாங்க."

"என்னது? கேக்கல!"

"பரீட்சை முடிஞ்சதும் டி.சி. வாங்கணும்னா எப்ப எழுதிக் குடுக்கணும்னு கேளுங்க."

"டி.சி.யா? யாருக்கு?"

அந்தப் பக்கம் ஒரு தறி நின்றது, பிறகு இன்னொன்று. எட்டும் நிற்கும்வரை அவள் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"இப்பச் சொல்லு" என்றான் சௌந்தர்.